அந்த இரண்டு விரற்கடை உயரம்

மகனே,

நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. பத்து நாளைக்கு முன்னால் படவேட்டில், உன் நிச்சயதார்த்தப் பந்தலில், உன்னை நன்றாகவே பார்த்தேன். புதுச் சட்டை, புது வாட்ச், புதுக் கார். வாயும் புதுசாகத்தான் இருந்தது. பெண் வீட்டார் இலை போட்டு என்னை முதல் பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள். சாம்பார் வாளியோடு ஒருத்தன் என் முன்னால் குனிந்து நிற்கிறான். அந்த நேரம் பார்த்து நீ வந்து சொல்கிறாய்: “பெரியப்பா, உங்க வண்டி தரையைத் தேய்ச்சிக்கினு வருது. இனிமே அம்மாவை அதுல ஏத்தாதீங்க. அடுத்த தபா ஆஸ்பத்திரிக்கு நானே வர்றேன், என் வண்டியில இட்டுனு போறேன்.” உனக்கு மாமனாராக வரப்போகிறவர் இலையிலிருந்து தலையைத் தூக்கி, “இன்னா மாப்ள, பெரியவர் வண்டி அவ்ளோ மோசமா?” என்று கேட்டார். “செடான் மாமா அது. மலைக்கு லாயக்கில்ல” என்றாய். சாம்பார்க்காரன் சிரித்தான். சிரித்த கையோடு என் இலையில் காய் விழாமல் வெறும் தண்ணியை ஊற்றிவிட்டுப் போனான். அதற்கும் நீதான் பொறுப்பு.

எல்லார் முன்னாலும் நீ சொன்னாய். எல்லாரும் படிக்கவே நானும் எழுதுகிறேன். கோடு போட்ட நோட்டில் என் கையால் எழுதி, போட்டோ பிடித்து, நம் சொந்தக்காரர் குரூப்பில் போடச் சொல்லப்போகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். ஓட்டத்தில் பிழை இருக்காது.

‘ஒரு காருக்கா இவ்வளவு கோபம்’ என்று நீ நினைப்பாய். காரேதான் விஷயம். உன் அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திருப்பத்தூருக்கு இறங்கிக் கண் டாக்டரிடம் காட்டி, சொட்டு மருந்தை மாற்ற வேண்டும். காட்டாமல் விட்டால் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பி வராது என்று டாக்டர் சொன்னபோது நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தோம். நெல்லிவாசல்நாட்டிலிருந்து அவளை இறக்கி, திரும்ப மலை ஏற்றுவது எந்த வண்டி? கேள்வி இவ்வளவுதான். நீ உன் உயரமான கிராஸ்ஓவர் என்கிறாய். நான் என் செடான் என்கிறேன். இதில் யாருடைய வார்த்தை எடுபடவேண்டும் என்று உன் மாமனார் வீட்டுக்கும் தெரியட்டும்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். ஒன்பதாம் வகுப்பு என்னைத் தாங்கத் தயாராக இல்லை. இருபத்திரண்டு வருஷம் இந்த மலையில் ஷேர் ஜீப் ஓட்டினேன். பத்துப் பேர் உட்காருகிற ஜீப்பில் இருபத்தாறு பேர், மேலே நான்கு ஆடு, ஒரு இரும்பு பீரோ, இத்தனையும் ஏற்றிக்கொண்டு ஒருநாள் பிரேக் பிடிக்காமல் எல்லாக் கொண்டை ஊசி வளைவையும் கியரிலேயே இறக்கினேன். முன்னால் வைத்திருந்த டீ கிளாஸ் தளும்பவில்லை. நம்பாதவர்கள் உண்டு. அந்த ஆடுகள் இன்றைக்கு உயிரோடு இருந்தால் சாட்சி சொல்லும். ஒருமுறை கரடி ஒன்று ரோட்டின் குறுக்கே நின்றது. ஹாரன் சத்தத்தைக் கேட்டு, வருவது நான்தான் என்று தெரிந்துகொண்டு, குட்டியையும் இழுத்துக்கொண்டு ஒதுங்கியது. உன் அப்பன், என் தம்பி, இடி விழுந்து போனபோது நீ ஆறாம் வகுப்பு. அன்றிலிருந்து உன்னை முன் சீட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் நான். அந்தச் சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவன் இன்றைக்கு எனக்கு வண்டி சொல்லிக்கொடுக்கிறான்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ வண்டி வாங்கியதும் நானும் வேலூர்ப் பக்கம் ஒரு ஷோரூமுக்குப் போனேன். நீ வாங்கிய அதே வண்டியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தி, சுற்றி விளக்குப் போட்டு, தேரில் வைத்த சாமி மாதிரி வைத்திருந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வந்தது.

“சார், இது மலைக்கோசரமே செஞ்ச வண்டி” என்றது.

“எந்த மலைம்மா?”

“எல்லா மலையும்தான் சார்.”

“நெல்லிவாசல் போயிக்கிறியா?”

“அது எங்க சார் கீது?”

“எங்க கீதுன்னே தெரியாத மலைக்கு எப்பிடிம்மா வண்டி செஞ்சீங்க?”

அந்தப் பெண் மேனேஜரைக் கூட்டிவந்தது. அதற்குள் நான் துண்டை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். “பெரியவரே, இன்னா பண்றீங்க, கஸ்டமருங்க பாக்கறாங்க” என்று அவர் கெஞ்சினார். நான் பின்னால் கிரவுன் இருக்கிறதா என்று பார்த்தேன். பின் சக்கரத்தைச் சுழற்றித் தள்ளுகிற, பூசணிக்காய் மாதிரி உருண்டையாக இருக்குமே, ஜீப்பில் பார்த்திருப்பாய், அது. இல்லை. முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது. பின் சக்கரம் சும்மா கூடவே வருகிறது, கல்யாணத்துக்கு வந்த பங்காளி மாதிரி. “இதேதானே எங்கிட்ட கீற செடான்லயும்?” என்று கேட்டேன். “ஆமா சார், எஞ்சின் கூட அதே எஞ்சின்தான்” என்றார் மேனேஜர், நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியவில்லை. “அப்பால வெலையில இன்னாத்துக்கு இத்தினி வித்தியாசம்?” “உயரம் சார். ரோட்ல ஒரு கெத்து.” நான் எழுந்து துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மேனேஜர் வாசல் வரை வந்து, “நீங்க எங்க கம்பெனிக்கு வந்து பேசணும் சார்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆகவே நீ வாங்கியது ஜீப் வேஷம் கட்டிய கார். கூத்தில் பீமன் வேஷம் கட்டியவனை, விடிந்த பிறகு கூப்பிட்டு நெல் மூட்டை தூக்கச் சொல்வாயா? அந்த உயரம் எவ்வளவு என்றும் பார்த்துவிட்டேன். உங்கள் பந்தலில் எல்லாரும் தாம்பூலம் மாற்றுகிற கூட்டத்தில் இருந்தபோது, முதலில் என் வண்டியின் அடியில் கையை நிறுத்தி வைத்துப் பார்த்தேன், பிறகு உன் வண்டியின் அடியில். இரண்டு விரற்கடை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அந்த இரண்டு விரலுக்காகவா என்னைப் பந்தியில் வைத்துப் பேசினாய்?

இப்போது வண்டியின் ஆட்டத்துக்கு வருகிறேன். உயரம் கூடினால் ஆட்டம் கூடும். தலையில் குடம் வைத்துக்கொண்டு வளைவில் ஓடிப்பார், இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு ஓடிப்பார், தெரியும். இதற்கு நீ படித்த பாலிடெக்னிக் வேண்டாம். ஆலங்காயத்துப் பக்கம் சமவெளியில் பிறந்த உன் அம்மாவுக்கு மலை ரோடு ஒத்துக்கொண்டதே கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவு, ஜீப்பில் ஏறினால் ஐந்தாவது வளைவு, தலையை வெளியே நீட்டிவிடுவாள். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை. எதற்கும் கேட்காது. என் செடானில் ஏறிய முதல் நாள், திருப்பத்தூர் வரும்வரை தூங்கினாள். தரையோடு ஒட்டிப் போகிற வண்டி அது. வளைவில் திரும்புவது வண்டிக்கே தெரியாது. உன் உயரமான வண்டியில் அவள் என்ன பாடுபடப்போகிறாளோ, அந்தப் பிளாஸ்டிக் பையை நீ பிடிக்கப்போகிறாயா, நாளைக்கு வரப்போகிற உன் பெண்டாட்டி பிடிக்கப்போகிறாளா?

அடுத்தது டிக்கி. செடானுக்கு டிக்கி தனி அறை. ஆள் ஒரு பக்கம், சாமான் ஒரு பக்கம். உன் வண்டியில் பின் சீட்டின் முதுகுக்குப் பின்னாலேயே சாமான், நடுவில் ஒரு அட்டைப் பலகை. நம் மலையிலிருந்து இறங்குகிற வண்டி எதை ஏற்றும்? பலாப்பழம், புளி, சாமை மூட்டை, தேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் உன்னை மாதிரியே உயர வண்டி வாங்கி, பழுத்த பலா இரண்டும் ஒரு டின் தேனும் பின்னால் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு இறங்கினார். வளைவில் டின் சாய்ந்தது. தேன் சீட்டுக்கடியில் ஓடி முன்னால் பெடல் வரை வந்துவிட்டது. வாணியம்பாடி சேருவதற்குள் ஒரு தேனீக் கூட்டமே வண்டியைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறது, டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கச் சொன்னவன் ஓடியே போய்விட்டானாம். இதில் பாதிதான் உண்மை என்று வாத்தியார் சொல்வார். அவர் சொல்லாத பாதியைத்தான் நான் சொல்கிறேன்.

உன் பின் கண்ணாடி எவ்வளவு சின்னது என்று உனக்கே தெரியும். பந்தலில் ரிவர்ஸ் எடுத்தபோது வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைச் சாய்த்தாயே, அதைச் சொல்கிறேன். கூட்டம் ‘ஆகா, நல்ல சகுனம்’ என்று சமாளித்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே வாழைமரத்தை இடிப்பது எந்த ஊர்ச் சகுனம்? முன்னால் பானெட்டும் உயரம். வளைவுக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டி படுத்திருந்தால் உனக்குத் தெரியாது, ஆட்டுக்காரன் கம்போடு வந்தபிறகுதான் தெரியும். ஆறு வீடியோ பார்த்து, ஸ்டார் எண்ணி வண்டி வாங்குகிறவனுக்கு இதெல்லாம் யார் சொல்வது? என்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை. வாங்கிவிட்டு, மாலை போட்ட போட்டோவைக் குரூப்பில் போட்டாய். என் கோபத்தில் பாதி அந்தப் போட்டோவுக்கு.

என் செடானைப் பற்றி நான் ஊரில் சொல்லிவைத்த ஒன்றை இங்கே திருத்தவேண்டியிருக்கிறது. வாங்கி முதல்முறை மலை ஏற்றியபோது அடியில் ஆயில் சேம்பர் உடைந்தது. ஜீப் ஓட்டுகிற பயல்கள் பொறாமையில் கல்லை உருட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். இரண்டு பேரோடு இன்றைக்கும் பேச்சில்லை. யாரும் கல் உருட்டவில்லை. நம் ஊரை விட்டுத் தார் ரோட்டைச் சேருமுன் ஒரு வழுக்குப்பாறை இருக்கிறதே, அதில்தான் இடித்தது. உனக்கு வழக்கம் தெரியும்: அந்தப் பாறையில் எந்த வண்டி வந்தாலும் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். டிரைவர் வெறும் வண்டியை ஏற்றி அந்தப் பக்கம் நிறுத்துவான், எல்லாரும் நடந்து வந்து மறுபடி ஏறுவார்கள். ஜீப்பில் வழுக்கும் என்பதற்காக வந்த வழக்கம். நான் அன்றைக்கு, ‘கார் வாங்கியது இறங்கி நடக்கவா?’ என்று நாலு பேரை உட்காரவைத்தே ஏற்றினேன். இடித்தது. அதன்பிறகு கையை வைத்துப் பார்த்துக் கணக்கு எடுத்தேன். பின் சீட்டில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்தாலும் என் வண்டி ஒரு விரற்கடை இடிக்கும்.

ஒரு விரற்கடை. உன் வண்டி இரண்டு விரற்கடை உயரம். இந்தக் கணக்கை நானே மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

நம் வீட்டு வழக்கம் உன் மாமனார் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர்கள் வீட்டிலும் அதுவே இருக்கலாம். தம்பி பெண்டாட்டி புருஷனின் அண்ணனுக்கு எதிரே நிற்கமாட்டாள், முகம் பார்த்துப் பேசமாட்டாள். அண்ணன்காரனின் கை தெரியாமல்கூட அவள் மேல் படக்கூடாது. உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. காரில் போகும்போது ஜன்னலைப் பார்த்து, “கொஞ்சம் மெதுவா போனா தேவலாம்” என்பாள், யாரிடமோ சொல்வது மாதிரி. நான் ஸ்டியரிங்கிடம், “மெதுவாத்தான் போவுது” என்பேன். உன் அப்பன் போனபிறகு அந்த வழக்கம் இன்னும் இறுகிவிட்டது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. நாக்கில் நரம்பில்லாத ஊர். அந்த வழக்கம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலி, மரியாதை. அதை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

உன் பெரியம்மா இருந்தவரை சிக்கல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கூடவே வந்து, இறங்குகிற இடத்தில் உன் அம்மாவுக்குக் கை கொடுத்துத் தூக்குவாள். மகள் பிரசவத்துக்கென்று அவள் ஓசூர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பேரன் அவளை விடமாட்டேன் என்கிறான். இதற்கு நடுவில் உன் அம்மாவின் முழங்கால் இரண்டும் போய்விட்டது. நடப்பாள், வேலை செய்வாள், மணை மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. என் செடான் சீட்டும் ஒரு மணைதான், பஞ்சு வைத்த மணை. உட்கார்வது சுலபம். பொத்தென்று விழுந்துவிடலாம். எழுந்திருப்பதற்குத்தான் ஒரு கை வேண்டும். அந்த வண்டியில் இருக்கிற ஒரே கை என்னுடையது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பாறையில் இறங்குவதைத் தவிர்க்க, நான் வண்டி எடுப்பதற்கு முன்பே வீட்டிலிருந்து கிளம்பி, பாறையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள். திரும்பும்போது பாறைக்கு முன்னால் எப்படியோ கதவைப் பிடித்துத் தொங்கி இறங்கி, “நடந்தே வந்துர்றது” என்று காற்றிடம் சொல்லிவிட்டு வீடுவரை நடப்பாள். நான் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் போவேன். இதெல்லாம் உனக்குப் போனில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன ஆடி மாசம் ஆஸ்பத்திரி வாசலில் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரு காலை வெளியே வைத்தாள், மறு காலை வைத்தாள், கதவைப் பிடித்து எம்பினாள், திரும்ப உட்கார்ந்துவிட்டாள். நான்கு முறை. நான் பானெட்டைத் திறந்து, தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல நின்றேன். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். வாசலில் பூ விற்கிற ஒரு அம்மா என்னைப் பார்த்து, “ஏன்யா, கூட வந்தவன் மரமாட்டம் நிக்கிறியே, ஒரு கை குட்த்தா கொறஞ்சிடுவியா?” என்று கத்தியது. உன் அம்மா அதைக் கேட்டாள். உடனே உடம்பைத் திருப்பி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மண்டியிட்டு, அந்த வாசலில் தவழ்ந்தமாதிரி வெளியே வந்து, பிறகு வண்டிச் சக்கரத்தைப் பிடித்து எழுந்தாள். முந்தானையில் மண். பூக்கார அம்மா ஓடிவந்து தட்டிவிட்டது. நான் பானெட்டை மூடினேன். கரடிக்கு ஹாரன் அடித்தவன், ஆட்டோக்காரனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இதில் வெட்கப்படவேண்டியவள் உன் அம்மா இல்லை. படிக்கிற எல்லாரும் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு மாசம் கழித்து அடுத்த ஆஸ்பத்திரி நாள் வந்தது. அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், என் காதில் விழும்படி, “கண்ணு நல்லாத்தான் கீது. எதுக்கு வீணா போய்ட்டு வரணும்?” என்றாள். எனக்குத் தெரியும். தெரிந்தும், “ஆமா, வண்டியிலயும் ஒரு சத்தம் வருது” என்று சுவரிடம் சொன்னேன். அதற்கடுத்த முறையும் அப்படியே போயிற்று. நீ போனில் கேட்டாய். “டாக்டர் ஆறு மாசம் கழிச்சி வந்தா போதும்னாரு” என்று உனக்குச் சொன்னவன் நான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஷேர் ஜீப்பில் அனுப்பியிருக்கலாம், ஆனால் அதன் ஏறுபடி அவளுக்கு இடுப்பு உயரம். உனக்குச் சொல்லியிருக்கலாம், வேறு வண்டி கொண்டுவந்திருப்பாய். என் வண்டியால் ஆகவில்லை என்று என் வாயால் சொல்லவேண்டியிருக்குமே என்று சொல்லாமல் விட்டேன். இப்போது வாசற்படியில் இடது பக்கம் வருகிற கோழியை அவள் மிதிக்கிறாள். போன வாரம்தான் கவனித்தேன். அது கோழியின் தப்பு இல்லை.

இப்போது படவேட்டுக்கு வருகிறேன். நீ பந்தியில் பேசிவிட்டுப் போனபிறகு, உன் அம்மாவை உன் வண்டியில் கோயில்வரை கூட்டிப்போய் வந்தாயே. திரும்ப வந்து, பெண் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு நீ போட்டோவுக்கு ஓடிவிட்டாய். நான் கை கழுவிக்கொண்டு அந்தப் பக்கம்தான் நின்றேன். உன் அம்மா கதவைத் திறந்தாள். காலைக் கீழே விட்டாள். கால் தரையில் பட்டபோது அவள் ஏற்கெனவே பாதி நின்றுகொண்டிருந்தாள். நின்றுவிட்டாள். அவ்வளவுதான். கையும் இல்லை, கதவும் இல்லை. அவளாலேயே நம்ப முடியவில்லை போல. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திரும்ப ஏறி உட்கார்ந்தாள். திரும்ப இறங்கினாள். மூன்றாவது முறையும் ஏறி இறங்கினாள். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு, மாட்டுக்கு ஒரு வாய் வைக்கோலைப் போட்டுவிட்டுப் பந்தலுக்குள் போனாள். என்னை அவள் பார்க்கவில்லை.

பத்து நாளாக எனக்குச் சோறு இறங்காததற்குக் காரணம் நீ பந்தியில் பேசியது என்றுதான் குரூப்பில் எல்லாரும் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

உன் வண்டி நல்ல வண்டி என்று நான் எங்கேயும் எழுதவில்லை, திரும்பப் படித்துப் பார். கிரவுன் கிடையாது, டிக்கி கிடையாது, வளைவில் ஆடும். ஆனால் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக அதைக் கொண்டு வா. வியாழக்கிழமையே ஜமுனாமரத்தூரில் வந்து தங்காதே, அங்கே டயருக்குக் காற்று பிடிக்கிறவன் கணக்குத் தெரியாதவன். காலையில் நேராக வா. பாறையில் நான் நிற்பேன். முதல் கியரில், பாறையின் வலது ஓரத்தில், நான் கை காட்டுகிற இடத்தில் மட்டும் ஏற்று. இறங்கும்போது உன் அம்மா பின் சீட்டில் உட்கார்ந்தபடியே வரட்டும், ஒரு விரற்கடை மிச்சம் இருக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன். மலை இறக்கத்தில் இரண்டாவது கியரைத் தாண்டாதே. தாண்டினால் ஆடும். ஆடினால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். முன் சீட்டில் நான் உட்காருவேன். வேண்டாம் என்று சொல்லும் தகுதி உனக்கு இன்னும் வரவில்லை.

டாக்டர் உள்ளே கூப்பிட்டதும், இரண்டு முறை ஏன் வரவில்லை என்று முதலில் அதைத்தான் கேட்பார். அவர் உன் அம்மாவைப் பார்த்துக் கேட்பார், அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அதற்கு நீ வாயைத் திறக்காதே, அவளையும் பேசவிடாதே. பதில் என்னிடம் இருக்கிறது. நான் சொல்கிறேன். இடது கண்ணில் எவ்வளவு போயிருக்கிறது என்று அவர் சொல்லும்போதும் நான் அங்கேயே இருக்கவேண்டும்.

அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசல். நீ ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, மகன் பாசத்தில் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கையை நீட்டப்போகிறாய், உன்னை எனக்குத் தெரியும். நீட்டாதே. கதவை மட்டும் திறந்துவிட்டு இரண்டடி நகர்ந்து நில். பூக்கார அம்மா பார்க்கட்டும், ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். தானாக இறங்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா